‘போக’ என்பதற்கு அடுத்த சொல்

போனை அப்பாவின் உதட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள் சுமலதா. திரையில் பச்சைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் விழும் மழையையும் அது பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, மறு கையை அவர் வாயைச் சுற்றி மறைப்பாகக் குவித்தாள்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா? மெதுவா சொல்லுங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

அவசரம் இருந்தது. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த நர்ஸ் வேலாமணி, அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டிப் பார்த்தாள். அவள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. சேரங்கோட்டுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"ஆக்சிஜன் எண்பத்தொண்ணுதானுங்க இருக்குது. காலைல இருந்து எறங்கிட்டேதான் வருது. இப்பவே கெளம்புனா கூடலூரு போயிரலாம்ங்க. அங்க பாத்துட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. ஆனா இத்தன நாளா வேண்டாம் வேண்டாம்னே சொல்லிட்டு இருந்தவரு. நெனவு நல்லா இருக்குதுங்க. அவரையே ஒரு வார்த்த கேட்டுக்கிட்டீங்கன்னா நானு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிப்போடுவேன்."

அப்பா வீரையாவின் வாய் திறந்தது. வலது பக்க உதடு அசையவில்லை. இடது பக்கம் மட்டும் மேலே இழுத்துக்கொள்ள, தொண்டையிலிருந்து தடித்த ஒரு சத்தம் புறப்பட்டு, நடுவில் தேங்கி, மறுபடி வந்து, கடைசியில் காற்றாக முடிந்தது. நான்கு விநாடி இருக்கும்.

திரையில் எழுத்துகள் வந்தன. ஆஸ்பத்திரிக்கு போக வேணாம்.

அதைப் போனுக்குள் இருந்த பெண்குரல் தெளிவாக, அழகாக வாசித்தது.

"கேட்டுக்கிட்டியா" என்றாள் அம்மா. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தவள் அதைச் சற்று வேகமாகவே சொன்னாள். "அவரே சொல்லிட்டாரு."

அப்பாவின் கண்கள் பெரிதாயின. அசையக்கூடிய இடது கால் கம்பளியை ஒரு தடவை உதைத்தது. இன்னொரு தடவையும்.

"என்னாப்பா?"

"குளுருது அவருக்கு" என்று அம்மா சின்னம்மை குனிந்து கம்பளியை இழுத்து அந்தக் காலின் மேல் போர்த்தி, இரண்டு பக்கமும் செருகினாள்.

வேலாமணி கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "தலையக் கொஞ்சம் ஏத்தியே வெச்சிருங்க. தண்ணி குடுக்கறதுன்னா சொட்டுச் சொட்டா, பஞ்சுல நனைச்சுக் குடுங்க. நானு மத்தியானத்துக்கு மேல வந்து பாக்கறனுங்க. மனசு மாறுச்சுன்னா ஒரு போன் போடுங்க, போதும்." வாசலில் குடையை விரித்தபடி சுமலதாவைத் திரும்பிப் பார்த்தாள். எதையோ கேட்க நினைத்தவள்போல நின்றுவிட்டு, கேட்காமலே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் படிகளில் இறங்கிப்போனாள்.

அப்போது மணி பத்து.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சுமலதா கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தாள். தமிழ் வாக்கியங்களைப் பிரித்துக் குறிப்பது அவள் வேலை. எது எழுவாய், எது வினை, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேருகிறது, ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொற்கள் அதிகமாக வருகின்றன. நாளைக்கு நானூறு வாக்கியம். அவளும் அவளைப்போல இருபது பேரும் குறித்துக் கொடுத்ததையெல்லாம் தின்றுதான் ஒரு கணினி நிரல் தமிழைக் கற்றுக்கொண்டது. காதில் விழும் சத்தம் தெளிவாக இருந்தால் அதை அப்படியே எழுதும். தெளிவில்லாத இடத்தில், முன்னால் வந்த சொற்களைப் பார்த்து அடுத்து எது வரக்கூடும் என்று கணக்குப் போட்டு எழுதும்.

அப்பா பேசுவது யாருக்கும் விளங்காமல் போனதும், குழுவின் தலைவன் கீர்த்திவாசன் அந்த நிரலின் சிறிய வடிவம் ஒன்றை அவள் போனில் போட்டுக் கொடுத்தான். "அப்பா பேசுறத ரெக்கார்ட் பண்ணி, அது தப்பா எழுதுறத நீங்க திருத்திக் குடுத்துக்கிட்டே வாங்க. அவரோட பேச்சு அதுக்குப் பழகிடும்" என்றான். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதியும் வாங்கித் தந்தான்.

முதலில் ஒன்றும் சரிப்படவில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர் வீரையா. இங்கே அரசாங்கத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டினார். ஆனால் பேச்சு மட்டும் அங்கே கற்றதுதான். அறையைக் குறித்து, காம்பரா இருட்டா இருக்கு என்று அவர் சொன்னால் நிரல் கேமரா இருட்டா இருக்கு என்று எழுதியது. என்னால ஏலாது என்றால் ஏழாவது என்றது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தை நினைத்து, பெரட்டுக்கு நேரமாச்சு என்று ஒருநாள் விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் அவர் சொன்னதைப் பரோட்டாவுக்கு நேரமாச்சு என்று அது வாசிக்க, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் பாதி வாயால் சிரித்தார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை.

சுமலதா திருத்திக்கொண்டே வந்தாள். ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்கள். இரண்டாவது மாதத்தில் அது அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் பாதி சொல்லும்போதே மீதியை எழுதும். பல வாக்கியங்களை அவர் முடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த ஆயிரத்தில் அவர் அதிகமாகச் சொன்னது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வேணாம். முதல் தடவை பதினெட்டு நாள் படுத்திருந்தபோது, மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று இடது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் அந்த மணிக்கட்டைத் தூக்கி மகளிடம் காட்டி அதைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவள் சரி என்று பொத்தானை அழுத்தி நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

பத்தரை மணிக்கு மழை விட்டது. தகரச் சத்தம் அடங்கியதும் அப்பாவின் மூச்சு காம்பரா முழுவதும் கேட்டது. இழுத்து, நின்று, பிறகு ஒரு முனகலோடு வெளியேறியது. அம்மா முக்காலியைக் கட்டிலுக்கு நேரே போட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்" என்றது போன்.

சுமலதா திடுக்கிட்டாள். தலையணைக்குப் பக்கத்தில் அணைக்காமல் வைத்த போன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா வாய் திறக்கவில்லை. மூச்சுதான் வெளியே வந்தது, ம் என்று ஒரு சிறு ஒலியோடு.

"வேணாம்" என்றது மறுபடியும்.

அடுத்த மூச்சுக்கும் அதையே சொன்னது. அந்தப் பெண்ணின் குரலில் களைப்பே இல்லை. சுமலதா பாய்ந்து குரலை நிறுத்தினாள். திரையில் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தச் சொல் இறங்கிக்கொண்டே போயிற்று.

அது அவரைக் கேட்டு எழுதவில்லை. அவர் என்ன சொல்வார் என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அப்படியானால் பத்து மணிக்கு?

ஆஸ்பத்திரிக்கு போக வே. அதுவரை தெளிவாகக் கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு காற்று. தமிழில் ஆமாவும் இல்லையும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், மூச்சு தீர்ந்துபோகிற இடத்தில். வேணும், வேணாம். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இந்த ஊரில் யாரும் போக வேணும் என்று சொல்வதில்லை. போகணும் என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். போக என்று தனியாக ஒரு சொல் வந்து, அதற்கு அடுத்தது வே என்று தொடங்கினால் அது வேணாம் ஆகத்தான் இருக்கும் என்று அவளே எத்தனையோ வாக்கியங்களில் குறித்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அப்பா அப்படிப் பேசுகிறவர் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாவதுவரை படித்த பழக்கமோ என்னவோ, குளிக்க வேணும், கடைக்குப் போக வேணும் என்று பிரித்துப் பிரித்துத்தான் சொல்வார். சின்ன வயதில் அவளும் அண்ணன் விமலும் அதைச் சொல்லிக்காட்டிக் கேலி செய்திருக்கிறார்கள்.

"அம்மா, இன்னொரு தடவ கேட்டுப் பாக்கட்டுமா?"

"எத?"

"ஆஸ்பத்திரிக்கு…"

"கேக்காத." அம்மா திரும்பவில்லை. "அவரத் தொந்தரவு பண்ணாத புள்ள. சும்மா இருக்க வுடு."

சுமலதா கட்டிலருகே போனாள். அப்பாவின் கண்கள் அவள் பக்கம் வரவில்லை. அம்மாவின் முகத்திலேயே நின்றன. கேட்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஆனால் இப்போது அவர் வேணும் என்று சொல்லிவிட்டால், இதுவரை போன நேரத்தை என்ன செய்வது? அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வேலாமணியின் எண்ணைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. விரலைப் பொத்தானுக்கு மேல் கொண்டுபோவாள், எடுத்துவிடுவாள்.

பன்னிரண்டரைக்கு அழைத்தேவிட்டாள். நர்ஸ் எடுத்து, "அனுப்பச் சொல்றனுங்க, வர முக்கா மணி நேரம் ஆகுமுங்க, சேரம்பாடி வளைவுல ஆனை நிக்குதுன்னு ரோட்டை நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றாள்.

ஒன்று பத்துக்கு, மூச்சை இழுத்த வீரையா அதை வெளியே விடவில்லை. இருவரும் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் லயத்துக்குக் கீழே வந்து நின்றபோது அம்மா அவர் தாடையைத் துணியால் கட்டி முடித்திருந்தாள்.

விமல் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறான். அவன் வந்து சேர்ந்தபோது நான்கு மணி தாண்டியிருந்தது. வாசலில் பந்தலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அப்பாவின் காலில் தலையை வைத்து அழுதான். எழுந்ததும் தங்கையைப் பார்த்தான்.

"காலைலயே மூச்சு எளைக்குதுன்னு தெரியும்ல? ஏன் கொண்டு போவல?"

"அண்ணே…"

"எனக்கு ஒரு போன் அடிச்சா நா ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்துருப்பேன்ல? யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவே வேணாம்னாருண்ணே" என்றாள் சுமலதா. தன் குரல் போனின் குரலைப்போல இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"அவரு பேசுறது யாருக்கு வெளங்குது?"

"போன்ல இருக்கு."

"போடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் திரையைப் பார்த்தான். எழுத்துகள் அங்கே இருந்தன. அவற்றைப் பார்த்தபடியே அந்த நான்கு விநாடியைக் கேட்டான். உதடுகள் கூடவே வாசித்தன. ஆஸ்பத்திரிக்கு போக வேணாம். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான்.

"ஆமா. வேணாம்னுதான் சொல்றாரு. எவ்வளவு தெளிவா சொல்றாரு, பாவம்."

அவன் மறுபடி கேட்டான். வாசலில் நின்றிருந்த உறவுக்காரர்களும் உள்ளே வந்து, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டித் திரையைப் பார்த்துக் கேட்டார்கள். எல்லாருக்கும் கேட்டது. "மனுசன் கெத்தா போய்ட்டாரு" என்றார் ஒருவர். சுமலதா போனைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் சிக்னல் முழுதாக இருக்கும். அங்கே போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எழுத்தைப் பார்க்காமல் கேட்டபோது அந்தக் கடைசி ஒலி இன்னொன்றாக இருந்தது. கண்ணைத் திறந்து கேட்டால் பழையபடி ஆனது. மூடினால் மாறியது. நான்காவது தடவை அவளால் மூட முடியவில்லை.

கீர்த்திவாசன் துக்கம் கேட்க அழைத்தான். இரண்டு வார்த்தைகூட அவனைப் பேச விடாமல் அவள் குறுக்கிட்டாள்.

"காலைல பத்து மணி ரெக்கார்டிங் சர்வருக்கு வந்திருக்கும் கீர்த்தி. கடைசி வார்த்தைய மட்டும் பாருங்க. முன்னாடி பின்னாடி எதையும் சேக்காம, சத்தத்த மட்டும் வெச்சுப் பாத்தா என்ன வருது?"

"சுமலதா, இப்ப அத ஏன்…"

"ப்ளீஸ்."

அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"சத்தத்த மட்டும் வெச்சா வேணும்னு வருது. நூத்துக்கு எழுபத்தொண்ணு" என்றான். "ஆனா அது ஒரு கணக்குதான் சுமலதா. மழைச் சத்தம் வேற இருக்கு. உறுதியா யாராலயும்…"

அவள் சரி என்று வைத்துவிட்டாள். தொட்டியின் பாசி பிடித்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தேயிலைச் சரிவு முழுக்க மஞ்சு ஏறி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் போக வேண்டும். அங்கே அவர் இருக்கிறார், தாடை கட்டப்பட்டு. தன் தகப்பனைப் பார்க்க இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு எடுத்தார்கள். தப்பு மேளத்தின் சத்தம் பள்ளத்தில் இறங்கி, சுடுகாட்டு மேட்டுக்கு ஏறி, மெல்லத் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குக் குளிக்க அவரவர் காம்பராவுக்குப் போனார்கள். ஈரத் தரையில் ஒரு பாயை விரித்து அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிப் பாய் நனைந்தது. சுமலதா துண்டை எடுத்துவந்து அருகில் உட்கார்ந்து துவட்டத் தொடங்கினாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து அவள் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"அம்மா, அந்தப் போன் தப்பா எழுதிருச்சும்மா. அப்பா வேணும்னுதான்…"

"தெரியும்" என்றாள் சின்னம்மை.

துண்டு நின்றது.

"நேத்தே தெரியும். அவரு சொல்றது வெளங்க எனக்குப் போன் வேணுமா? நாப்பத்தாறு வருசமா கேக்குறேன்."

"அப்ப ஏம்மா…"

அம்மா பாயின் கோரை ஒன்றை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் நீ மாத்திர வாங்கக் கூடலூரு போனல்ல, அன்னைக்கு என்னையக் கூப்புட்டு ஒக்கார வச்சாரு. சொல்லி முடிக்க அர மணி நேரம் ஆச்சு. 'கடைசில எனக்குப் பயம் வந்துரும் சின்னம்ம. பயத்துல கொண்டு போங்கன்னு நானே கேப்பேன். நீ கேக்காத. கையக் கட்டிருவாங்க. நம்ம வீட்டுக் கூரையப் பாத்துக்கிட்டே சாவ வேணும்'னாரு. தலையில அடிச்சு சத்தியம் வாங்குனாரு."

"நர்சம்மா கேக்கச் சொன்னப்போ நீ சொல்லிருக்கலாமேம்மா."

"வேணாம்னுதான் சொல்லுவாருன்னு நெனச்சேன். தெனம் சொல்றவரு தானே." அம்மா எச்சிலை விழுங்கினாள். "வேணும்னாரு. எனக்குக் கையி காலு ஆடிப்போச்சு. என்ன செய்யன்னு தெரியல. அதுக்குள்ள போன்ல பேசுற அந்தப் பொம்பள வேணாம்னு சொல்லிருச்சு. நா அதப் புடிச்சுக்கிட்டேன்."

சுமலதாவின் கை அம்மாவின் ஈரத் தலையில் அப்படியே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, துவட்டவும் முடியவில்லை.

"மூணு மணி நேரம் எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். திரும்பல நா. 'ஏண்டி இப்புடிப் பண்ணிட்ட'ன்னு பாக்குறாரா, 'சொன்னபடி செஞ்சிட்ட'ன்னு பாக்குறாரா." அம்மா மல்லாந்து படுத்தாள். "அது மட்டும் எனக்கு வெளங்கல புள்ள. அவரு கண்ண மூடுற வரைக்கும் வெளங்கல."

அவள் அழவில்லை. தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியாக ஊசிபோல இறங்கிய வெளிச்சம் அவள் கழுத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு அவ்வளவு வேகமாகத் துடிப்பதைச் சுமலதா அப்போதுதான் பார்த்தாள்.

வாசலில் ஆட்கள் வந்து காலைக் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் வாளியில் செம்பு மோதியது.

"சுமா" என்று விமல் கூப்பிட்டான். "அம்மா எங்க? நாளைக்குப் பால் ஊத்த யார் யாருக்குச் சொல்லணும்னு கேக்கணும். அப்பறம் நேத்து என்னமோ கோவத்துல பேசிட்டேன், அதையும்…"

படியில் அவன் ஏறும் காலடி கேட்டது. அம்மா கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். கண்ணிமை அசையவில்லை. சுமலதா எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்தி, நடுவில் நின்றுகொண்டாள்.

"அம்மா தூங்குறாங்கண்ணே" என்றாள்.

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று குரலைத் தணித்துக்கொண்டு விமல் இறங்கிப்போனான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள்.